மூன்றாவது பீடரின் முறை

கரண்ட்டக்காவுக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பதினொரு பேர் இந்தப் பக்கம், பதினொரு பேர் அந்தப் பக்கம், நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். ஆனால் தேசிய அணி இறுதிப் போட்டிக்குப் போன அந்த வாரம், கேப்டனுக்கு அடுத்தபடியாக ஊர் நம்பியிருந்தது அவளைத்தான்.

அவள் துணை மின்நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். கல்யாணமாகி வந்த புதிதில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாய்க்கடி, மாடிப்படியில் ஒரு சறுக்கல், அப்புறம் ஒரு பரீட்சை. அதில் தேறி அந்த நிலையத்துக்கே முதல் பெண் ஆபரேட்டராக வந்து உட்கார்ந்தாள். அன்றோடு அவளுக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. தெருவில் கரண்ட் போனால் யாரும் ஆபீசுக்குப் போன் போடுவதில்லை, நேரே அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, மிக்ஸி பாதியில நிக்குது" என்பார்கள். ஏதோ ஊர்க் கரண்ட்டை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு இவள் தர மாட்டேன் என்பது போல.

அரையிறுதி அன்று ஓர் அணில் கம்பியில் ஏறித் தன் உயிரையும் விட்டு, தெருவின் கரண்ட்டையும் கூடவே கொண்டுபோனது. நாலே நிமிடம். அந்த நாலு நிமிடத்தில்தான் நம் அணி ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டது. அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பழி அவள் தலையில்தான் விழுந்தது. மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார்.

மாமனாரின் கதை தனி. முப்பத்தாறு வருடத்துக்கு முன் நம் அணி ஒரு தடவை இறுதிப் போட்டி வரை போயிருந்தது. ஆட்டம் ரேடியோவில். பாதி ஆட்டத்தில் பாட்டரி தீர்ந்துவிட்டது. கடைக்கு ஓடி, கடை பூட்டியிருந்து, திரும்பி வருவதற்குள் தோற்றாகிவிட்டது. "ஒரு ஃபைனலையாவது முழுசாப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்" என்பார். டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இஞ்சினைப் பற்றிக்கூட இவ்வளவு பிடிவாதமாகப் பேசியதில்லை. மகன் லாரியை எடுத்துக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியூர் போய்விடுவான். வீட்டில் இவரும் மருமகளும் மட்டும்தான். அந்த வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே வாயைத் திறந்தார். வாசலில் தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"நாளைக்கு ட்யூட்டி யாருக்கு?"

"எனக்குத்தான் மாமா."

"அப்போ கரண்ட் போகாதுல்ல?"

ஐந்து நாள் கழித்து வந்த பேச்சு. அந்தச் சந்தோஷத்தில் அவள் யோசிக்கவில்லை.

"போகாது மாமா. நான் இருக்கேன்ல? நிம்மதியாப் பாருங்க."

சொல்லி முடித்ததும்தான் விசிறி நினைவுக்கு வந்தது. நிலையத்தில் பெரிய டிரான்ஸ்பார்மரைக் குளிர வைக்கும் மூன்று விசிறிகளில் ஒன்று வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடவில்லை. எழுதிப் போட்டிருந்தாள். பாகம் வரவில்லை. வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது. இதையெல்லாம் வாசலில் நிற்பவர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. கரண்ட்டக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள் என்ற செய்தி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சந்தைத் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம் தொடங்கியபோது டிரான்ஸ்பார்மரின் சூடு எண்பத்திரண்டு டிகிரி. தொண்ணூறில் மணி அடிக்கும். தொண்ணூற்றைந்தில் தானே நின்றுவிடும். நின்றால் ஊருக்குப் போகும் நான்கு வழியும் போச்சு. பீடர் என்று சொல்கிற அந்த நான்கில் முதலாவது ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டாவது சந்தைத் தெரு. மூன்றாவது அவளுடைய தெருவும் அதை ஒட்டிய வீடுகளும். நான்காவது பட்டறைகள் இருக்கும் பகுதி. ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டிக் கிடக்கும், நிறுத்தினாலும் ஒரு புண்ணியமும் இல்லை.

கூட ட்யூட்டியில் இருந்தவர் லைன்மேன். ஓய்வு பெற ஏழு மாதம் பாக்கி. சட்டைப் பையில் சின்ன ரேடியோ, ஒரு காதில் ஒயர்.

"ஒண்ணுக்கு ஒண்ணு" என்றார் இடைவேளையில்.

"என்கிட்ட சொல்லாதீங்கண்ணே. எனக்கு இந்த முள்ளைப் பார்த்தாப் போதும்."

முள்ளும் சும்மா இல்லை. இடைவேளை விட்டதும் ஊரே எழுந்து மோட்டாரைப் போட்டது, அடுப்பைப் போட்டது. எண்பத்தாறு. ஆட்டம் மறுபடி தொடங்கியும் இறங்கவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஓடாத விசிறியின் பக்கம் தரையில் ஊற்றிவிட்டு வந்தார் லைன்மேன். அதனால் ஒரு பயனும் கிடையாது என்று இருவருக்கும் தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அதுதான்.

நிலையத்தின் பின்சுவருக்கு அப்பால் சந்தைத் தெரு. அங்கே கடைக்காரர்கள் சேர்ந்து பெரிய திரை கட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் சலூன்காரர். சுவரைத் தாண்டி அந்தக் கூட்டத்தின் சத்தம் ஏறுவதும் இறங்குவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்ணூறு நிமிடமும் முடிந்தது, சமன். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். யார் கொடுத்தார்களோ, அவர்களைக் கரண்ட்டக்கா மனசார வைதாள். முப்பது நிமிடம் என்றால் இந்த இரும்புப் பெட்டிக்கு எவ்வளவு என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் மணி அடித்தது. தொண்ணூறு.

கட்டுப்பாட்டு மையத்துக்குப் போன் போட்டாள். எதிர்முனையிலும் டிவி சத்தம் கேட்டது.

"ஒரு பீடரை இறக்குங்க. கால் மணி நேரம். முறைப்படி செய்ங்க" என்றார் அந்த ஆள். வைத்துவிட்டார்.

முறை என்றால் நோட்டு. யாரை எப்போது இருட்டில் போட்டோம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும் நீள நோட்டு. கடைசியாக இறக்கியது சந்தைத் தெரு. அடுத்தது மூன்று. பார்க்காமலே அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஏதாவது மாறியிருக்குமோ என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை விரலை வைத்துப் பார்த்தாள்.

"மூணு" என்றார் லைன்மேன்.

"தெரியும்ணே."

"பெனால்டி அடிக்கப் போறாங்கம்மா."

"தெரியும்ணே."

தொண்ணூற்றொன்று. வீட்டில் மாமனார் என்ன செய்துகொண்டிருப்பார் என்று அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. நாற்காலியில் உட்கார மாட்டார். டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டிருப்பார். முப்பத்தாறு வருடம். இப்போது திரை கறுத்தால் அந்த மனுஷன் மறுபடி அவளோடு பேசவே மாட்டார்.

லைன்மேன் தொண்டையைச் செருமினார். "அணில் போனப்ப மூணுதானே நின்னுச்சு? அதையும் ஒரு முறையாக் கணக்குல எடுத்தா, இப்ப ரெண்டுன்னும் சொல்லலாம்."

அப்படிச் சொல்ல முடியாது. அணிலால் போனது பழுது, பழுது முறையில் சேராது. பதினோரு வருடமாக அந்த நோட்டை எழுதுகிறவள் அவள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. கை மூன்றாவது பிரேக்கர் சுவிட்ச் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து இரண்டாவதை இறக்கியது.

சுவருக்கு அப்பால் கூட்டத்தின் சத்தம் சட்டென்று அறுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அப்புறம் ஆயிரம் பேர் ஒன்றாக அலறினார்கள். இரும்புக் கேட்டின் மேல் ஒரு கல் வந்து விழுந்தது. இன்னொன்று. லைன்மேன் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். செல்போனில் பார்த்துக்கொள்ளட்டுமே என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஊரே ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் அதில் ஒரு வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான்.

"நாலுக்கு நாலு" என்றார் லைன்மேன். காதிலிருந்த ஒயரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். "அவங்க அஞ்சாவதையும் போட்டுட்டாங்க. நம்ம கேப்டன் வர்றான்மா. இதைப் போட்டாத்தான் உயிர்."

கால்பந்து தெரியாதவள்தான். ஆனாலும் அந்த நிமிடம் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். போட்டுடுடா, போட்டுடுடா என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் கெஞ்சினாள். அவன் போட்டுவிட்டால் ஊர் கொண்டாட்டத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும். நோட்டையும் எவனும் பார்க்க மாட்டான்.

லைன்மேன் ஒயரைக் காதிலிருந்து எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டார். மூன்றாவது பீடர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் முள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய தெரு ஒவ்வொரு வீடாக டிவியை அணைத்துக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்து இரண்டாவதை ஏற்றினாள். சந்தைத் தெருத் திரைக்கு உயிர் வந்தபோது அதில் அடுத்த நாட்டுக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்களாம்.

நோட்டில் எழுத வேண்டும். முறை: மூன்று. இறக்கியது: இரண்டு. நேரம் எழுதினாள். கடைசிக் கட்டம் காரணம். பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் இன்ஜினியர் வந்து பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அணில் என்று எழுதலாம். மனசு வரவில்லை. அடுத்த ஷிப்டுக்காரர் வந்ததும் நோட்டை மூடி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அவர் கண்ணும் சிவந்திருந்தது. நோட்டைத் திறந்தே பார்க்கவில்லை.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டுக்குப் போக சந்தைத் தெருதான் வழி. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்தாள். யாரும் கத்தவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளை ஆளுக்கொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பூசியிருந்த கொடி வண்ணம் வேர்வையில் வழிந்து கழுத்துவரை வந்திருந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார் சலூன்காரர்.

தலையை நிமிர்த்தாமலே நின்றாள்.

"ஜெனரேட்டர் எடுத்து வைக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. நான்தான் வேண்டாம்னேன். கரண்ட்டக்கா வாக்குக் குடுத்திருக்காங்க, போகாதுன்னு சொன்னேன். இப்ப என்னைப் போட்டு வறுத்தெடுக்கிறாங்க."

அவள் கவிழ்ந்து கிடந்த ஒரு நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. எங்க முறை வந்திருக்கும், இறக்கியிருப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" அவர் திரைத்துணியின் ஒரு முனையை மடித்தார். "ஆனா ஒண்ணுக்கா. எங்க சத்தம் நின்ன நேரத்துலதான் அந்தப் பய வெளிய அடிச்சிருக்கான். நாங்க கத்திக்கிட்டு இருந்திருந்தா உள்ளே போயிருக்கும்."

இத்தனை ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஆடியவனுக்கு இந்தத் தெருவின் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று கேட்கலாம். அவள் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவளே அதைப் பாதி நம்பினாள். "வர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தன் தெரு வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. இங்கே சொன்ன சொல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆட்டம் தோற்றது அவள் குற்றமா? மாமா முழுசாகப் பார்த்துவிட்டார். அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

மாமனார் அணைந்த டிவிக்கு முன்னால், அவள் நினைத்தபடியே தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் மூடி வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது.

"சாப்பிடலையா மாமா?"

"கம்பத்துல பட்டுச்சும்மா" என்றார். "நல்லாத்தான் அடிச்சான். கம்பத்துல பட்டுத் திரும்பி வந்துடுச்சு. அவன் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துட்டான். கண்ணை மூடினா அதுதான் தெரியுது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு பாட்டரி தீர்ந்துடுச்சு. அதனால எனக்கு அது பாதித் தோல்விதான். முப்பத்தாறு வருஷம் அதை வச்சு ஓட்டிட்டேன், கடைசி நிமிஷத்துல ஏதோ அநியாயம் நடந்திருக்கும்னு. இது அப்படியில்லையே. முழுசாப் பார்த்துத் தொலைச்சுட்டேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்னைக்கெல்லாமோ கரண்ட்டு போவுது. இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் போயிருக்கக் கூடாதா?"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"போயிருக்கணும் மாமா. சூடு ஏறிடுச்சு, ஒரு பீடரை இறக்கச் சொன்னாங்க. நான்தான் சந்தைத் தெருவை இறக்கினேன்."

"அவங்க பெனால்டியைப் பார்க்கவே இல்லையா?"

"இல்லை மாமா."

"கொடுத்து வச்சவங்க" என்றார் கிழவர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "முறை யாரோடது?"

அவள் தலையைக் குனிந்தாள். "நம்மளோடது."

"நம்ம முறையை ஏம்மா அடுத்தவங்களுக்குக் குடுத்தே?"

கோபமாகக் கேட்கவில்லை, குழந்தை கேட்பது போல்தான் கேட்டார். காலையில் இன்ஜினியர் கேட்கப் போவதும் இதையேதான். நோட்டில் காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.