பெர்னார் எங்குமே நிற்கவில்லை

ஒரு புதன்கிழமை காலை என் மேசைக்கு வந்த ஃபைல்களின்படி, பிரான்சில் இருக்கும் பெர்னார் என்பவர் ஐந்து நாட்கள் சைக்கிள் ஓடியிருந்தார். நாளொன்றுக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர். மேடு, பள்ளம், சரளைக்கல். ஆனால் ஐந்து நாளில் ஓரிடத்திலாவது காலை நிலத்தில் ஊன்றவில்லை. கோப்பி குடிக்கவில்லை. சலம் கழிக்கக்கூட ஒதுங்கவில்லை. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மொன்றியல் புறநகரான கர்க்லாண்டிலிருந்து எட்டுப் பேர் அதே பாதையில் ஓட விமானம் ஏற இருந்தார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். மூத்தவருக்கு எழுபத்தொரு வயது.

போன வருடம் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் தெப்பனேர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். கிராவல் சைக்கிள் பயணம் விற்பது தொழில். தடித்த டயர் போட்ட, தார் ரோட்டிலும் கல் ரோட்டிலும் ஓடக்கூடிய சைக்கிள் அது. திராட்சைத் தோட்டம், கால்வாய்க் கரை, மதில் சூழ்ந்த பழைய ஊர் என்று பிரான்சின் நாட்டுப்புறத்தை அதில் சுற்றிப்பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். பெர்னார் அங்கே பூர்கோன் பகுதியில் இருந்துகொண்டு பாதையை முதலில் தான் ஓடிப் பார்த்து, ஜிபிஎஸ் பதிந்த ட்ராக்கை அனுப்புவார். கந்தோரில் ஜெசிந்தா அதைக் கழுவுவார். கழுவுவதென்றால், வழி தவறிப் போய்த் திரும்பிய வால்களை வெட்டிவிடுவது. கழுவிய ஃபைலை நான் பார்த்துச் சரியென்றால்தான் அது வாடிக்கையாளரின் சைக்கிள் கைப்பிடியில் பூட்டிய வழிகாட்டிக் கருவிக்குப் போகும். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்.

1. எருக்குவியல்

இந்தக் குணம் எனக்குச் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கோட்டைகளுக்குப் பேர்போன லுவார் பக்கத்து ஆள் ஒருவர் அனுப்பிய ட்ராக்கை நம்பி ஆறு பேரை அனுப்பிவிட்டேன். அங்கிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பிடித்தார். பிரெஞ்சில் வாங்கியதை என் தமிழில் தருகிறேன்.

"மெசியே நடா, கோட்டை கோட்டை எண்டியளே, எங்க கோட்டை? எங்களுக்கு முன்னால எருக்குவியல்தான் நிக்குது!"

அந்த ஆள் பாதையை ஓடவேயில்லை. வீட்டில் இருந்து கணினியில் கோடு கீறி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. மனிதன் உண்மையாக ஓடிய ட்ராக்கில் அழுக்கு இருக்கும். ஒரு பேக்கரி வாசலில் பத்து நிமிடம் நிற்பான். ஒரு பண்ணை வாசல்வரை தவறிப் போவான். அங்கே நாய் துரத்தினால் வேகம் திடீரென்று ஏறும். கழுவும்போது வால்தான் போகும், நின்ற இடங்கள் மிஞ்சும். அதுவும் இல்லாமல் சுத்தமாக வந்தால் அது பொய்.

பெர்னாரின் ஐந்து ஃபைல்களும் துடைத்துவைத்த கோப்பை மாதிரிச் சுத்தம்.

2. பாலம்

சந்தேகம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நுவாயேயிலிருந்து வெஸ்லே போகும் மூன்றாம் நாள் பாதையைச் செய்மதிப் படத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மத்தியானம் அளவில் கிடைத்தது. காட்டுக்குள் ஓர் ஓடை. ட்ராக் நேராக அதைக் கடக்கிறது. படத்திலோ இரண்டு கரையிலும் கல் கட்டு மட்டும் நிற்கிறது. நடுவில் பாலமில்லை.

பக்கத்து மேசையில் இருந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா தங்கச்சி? தண்ணிக்கு மேலால ஓடியிருக்கிறான். இயேசுநாதருக்குப் பிறகு இவன்தான்."

ஜெசிந்தா வேதக்காரி. இருந்தாலும் சிரித்தார். "எனக்கெண்டா அந்தாள் நல்ல மனிசன் போலத்தான் கிடக்கு அண்ணன். ஒருக்கா கேட்டுப் பாருங்களன்."

"கள்ளனிட்டயே களவைக் கேக்கிறது?" என்றேன்.

ஜெசிந்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். மட்டக்களப்பார் மந்திரம் செய்து, வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. அவர் வேலைக்கு வந்த புதிதில் நீட்டிய சோற்றுப் பெட்டியை நான் தயங்கி வாங்கியதைக் கண்டு, "பயப்படாமச் சாப்பிடுங்க அண்ணன், இஞ்ச பாய் இல்ல, கதிரைதான்" என்று தன் நாற்காலியைத் தட்டினார். வெட்கிப்போய்ச் சாப்பிட்டேன். அதன்பிறகு அவர் எனக்குச் சொந்தத் தங்கச்சி. ஊர்ப் புத்தியை வென்றுவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. உலகத்தில் எல்லாரையும் சந்தேகித்தேன். எங்கட ஆளை மட்டும் சந்தேகிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

நேரே முதலாளி இசபெலிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். "பெர்னார் ஓடேல்லை. இருந்த இடத்தில கோடு கீறியிருக்கிறார்" என்று எழுத்திலும் கொடுத்தேன். இசபெல் நல்ல மனுசி, ஆனால் எருக்குவியல் கதையை அவரும் மறக்கவில்லை. அன்றே பெர்னாருக்கு மின்னஞ்சல் போட்டார். விளக்கம் சரியில்லாவிட்டால் இதுவே உங்கள் கடைசிப் பாதை என்று அதில் இருந்தது. பெர்னாருக்கு ஐம்பத்தெட்டு வயது. தொழிற்சாலை மூடியபின் அவருக்கு இருந்த ஒரே வேலை இதுதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன். அன்று வீடு போகும்போது மெத்ரோவில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அதை நினைக்க இன்றும் கூசுகிறது.

3. பதினொரு நிமிடம்

வியாழன் காலை பெர்னாரின் பதில் வந்தது. விளக்கம் ஒன்றுமில்லை. ஒரு படமும் ஒரு வரியும். படத்தில் அந்த ஓடை, உடைந்த பாலம், குறுக்கே கட்டிய தடுப்பு, அதில் சாய்த்துவைத்த அவருடைய சைக்கிள். வரி இதுதான்: "என் முதல் கடிதத்தை யாராவது திறந்து பார்த்தீர்களா?"

எனக்கு முதலில் வந்ததும் சந்தேகம்தான். படத்தை நேற்று ஓடிப்போய் எடுத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் கடிதம் என்றது உறுத்தியது. ட்ராக்குகளோடு ஜெசிந்தாவின் மின்னஞ்சல் பெட்டிக்கு வந்திருந்த அந்தக் கடிதத்தை இருவருமாகத் திறந்தோம். இரண்டு பக்கம். நடுவில் தடித்த எழுத்தில், பாலம் உடைந்திருக்கிறது, நான் திரும்பி வந்து மேட்டுப் பாதையால் சுற்றிப் போயிருக்கிறேன், அதையே கொடுங்கள் என்று இருந்தது.

கழுவாத ஃபைலையும் திறந்தேன். அழுக்கென்றால் அப்படியொரு அழுக்கு. பேக்கரி இருந்தது. நாய் இருந்தது. உடைந்த பாலத்தடியில் பதினொரு நிமிடம் நின்றிருக்கிறார். முகம் தெரியாத எட்டுப் பேரை எந்தப் பக்கத்தால் கூட்டிப் போவது என்று ஒரு மனிதன் யோசித்து நின்ற பதினொரு நிமிடம் அது.

ஜெசிந்தாவின் முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் அண்ணன் வெட்டினது. போய்த் திரும்பின வால் எண்டு நினைச்சிட்டன். சுத்தினதையும் எடுத்திட்டு நேராப் பொருத்திட்டன். இது புது மென்பொருள், ஒருக்கா அமத்தினாக் கோடு முழுக்கத் திரும்பக் கீறும். நிண்ட இடமெல்லாம் அழிஞ்சு போகும் எண்டு எனக்குத் தெரியாது."

"கடிதத்தைப் பாக்கேல்லையே?"

"அந்தாள்ற கதை வேணாம், ஃபைல் மட்டும் போதுமெண்டு நீங்கதானே சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். பெர்னார் நீட்டி எழுதுவார், வாசிக்க எனக்குப் பொறுமையில்லை.

அடுத்து நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, "நீ பேசாம இரு. ஆரும் கேட்டா மென்பொருள் பிழை எண்டு நான் சொல்லிச் சமாளிக்கிறன். பெர்னாரின்ர விஷயத்தைப் பேந்து பாப்பம்" என்றேன். எங்கட ஆள் அல்லவா?

ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அந்தாள்ற பேரில கள்ளன் எண்டு எழுதிக் குடுத்திருக்கீங்க அண்ணன். மறுகா அது அப்படியே நிக்கும்" என்றார். எழுந்து தானே இசபெலின் அறைக்குள் போனார். நான் பின்னால் போனேன். முன்னால் போயிருக்க வேண்டியவன் நான்.

நடந்ததெல்லாம் கேட்டும் இசபெல் கத்தவில்லை. இருவரையும் பார்த்து, "இப்பவே அந்தாளுக்கு எடுங்கோ" என்ற அர்த்தத்தில் தொலைபேசியைத் தள்ளிவிட்டார். நான்தான் பேசினேன். பாரிசில் ஆறு வருடம் இருந்தவன், என் பிரெஞ்சுக்குக் குறைவில்லை. அன்று மன்னிப்பைத் திக்கித் திக்கித்தான் கேட்டு முடித்தேன். பெர்னார் முழுவதும் கேட்டார். பிறகு, "எட்டுப் பேருக்கும் மேட்டுப் பாதையைக் கொடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் பேசி முடிப்பதற்குள் ஜெசிந்தா அதை அனுப்பிவிட்டிருந்தார். கொடுத்தாயிற்று என்றேன். வைத்துவிட்டார்.

எட்டுப் பேரும் நலமாக ஓடி முடித்தார்கள். பெர்னாரின் வேலையும் ஜெசிந்தாவின் வேலையும் தப்பின. அதன்பிறகு கந்தோரில் ஒரு வழக்கம் வந்தது. கழுவிய ஃபைலையும் கழுவாததையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்போம். கடிதத்தைச் சத்தமாக வாசிப்போம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகப்படுங்கள், அது நல்லது. ஆனால் முதலில் உங்கள் மேசையைச் சந்தேகியுங்கள், பிறகு உங்கள் ஆட்களை. தூரத்து ஆள் கடைசியில் வரட்டும். நான் தலைகீழாகச் செய்தேன். அதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வசந்தத்தில் பெர்னாரின் புதிய ட்ராக் வந்தது. ஒவ்வொரு தரிப்புக்கும் அவர் குறிப்பு எழுதியிருந்தார். இங்கே கோப்பி. இங்கே சங்கிலி கழன்றது. செமூர் ஊர் மதிலைத் தாண்டியதும் ஒரு மரத்தடியில்: "சலம். நான்கு நிமிடம். மெசியே நடாவின் மன ஆறுதலுக்காக."

ஜெசிந்தா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு மேசையில் விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தேத்தண்ணி வைக்க எழுந்து போனதும், கழுவாத ஃபைலைத் திறந்து அந்த மரத்தடியைப் பார்த்தேன்.

நான்கு நிமிடம்தான்.