கண்ணாடித் தகடுகளில் ஒரு கொள்ளிடம்

யுத்தம் முடிந்த வருஷம், அரியலூர்க் கடைவீதியில் இருந்த எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்கு ரிட்டயரான ரயில் டிரைவர் ஒருவர் வந்தார். படம் எடுத்துக்கொள்ள வரவில்லை. பின்னால் தொங்கிய திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கொளத்த யாரு தீட்டினது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். அவர் படம் எடுப்பார், இருட்டறையில் கழுவுவார். தகட்டில் பென்சிலால் முகங்களைத் திருத்தி டச்சிங் பண்ணுவதும் வர்ணம் பூசுவதும் என் வேலை. திரையில் இருந்த மாளிகைப் படிகளும் தாமரைக் குளமும் நான் தீட்டியவை.

"எனக்கு ஒரு ஆறு வேணும் தங்கச்சி. மத்ததெல்லாம் பண்ணிட்டேன், தண்ணி மட்டும் வரமாட்டேங்குது" என்றார்.

அவர் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. மனைவி காலமாகி, பிள்ளைகள் வெளியூரில். கூடத்தை அடைத்துக்கொண்டு பலகைகளைப் பரப்பி ஒரு ரயில் பாதையே போட்டிருந்தார். தகரத்தை வெட்டித் தண்டவாளம்; தீப்பெட்டிச் சில்லில் சிக்னல் கைகாட்டி; சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விட்டுச்சென்ற சாவி கொடுக்கும் எஞ்சின். நடுவில் கொள்ளிடப் பாலம். ஒவ்வொரு தூணையும் செங்கல் தூளைப் பசையில் குழைத்துக் கட்டியிருந்தார். உத்தியோகத்தில் இருந்தவரை அந்தப் பாலத்தின் மேல் போய்வந்தவர். பாலத்துக்குக் கீழே மட்டும் வெறும் பலகை, நீலப் பெயிண்ட் அடித்து.

"தண்ணி எங்கங்க நீலமா இருக்கு?" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். சலவை நீல டப்பா கவுந்தாப்ல இருக்கு."

தகரத் தட்டில் நிஜத் தண்ணீரையே ஊற்றிப் பார்த்திருக்கிறார். அது ஆறாகவே தெரியவில்லையாம். நானும் ஊற்றிப் பார்த்தேன். தட்டில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, ஆறு இல்லை. எஞ்சின் ஓடினால் எழும் அலை தூண் உயரத்துக்குத் தெரிந்தது. பாலத்தைச் சின்னதாக்கலாம், ரயிலைச் சின்னதாக்கலாம். தண்ணீர் மட்டும் சின்னதாக மாட்டேன் என்கிறது. அப்புறம் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துப் பார்த்தோம். ஆற்றுக்குள் உத்தரமும் ஒட்டடையும் தெரிந்தன. டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சாதாரணக் கண்ணாடிக்கு அடியில் வர்ணம் பூசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. யுத்தம் முடிந்தும் கண்ணாடி சுலபத்தில் கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று: பரண் மேல் பெட்டி பெட்டியாகப் பழைய நெகடிவ் தகடுகள். அப்போதெல்லாம் படம் கண்ணாடித் தகட்டில்தான் விழும். கண்ணாடிப் பஞ்சத்தில் அவற்றைக் கழுவிப் பிரேம் போடக் கொடுத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஒரு பெட்டியை இறக்கி, "இதுக்கெல்லாம் இன்னொரு பிரதி கேட்டு யாரும் வரல, எடுத்துக்க" என்றார்.

முதல் தகட்டைப் படம் பதிந்த மருந்து போகச் சுரண்டிக் கழுவி, அடியில் பச்சையும் காவியும் கலந்து பூசினேன். சுமாராக இருந்தது. அடுத்த தகட்டைக் கழுவாமல் சும்மா அந்தப் பச்சையின் மேல் வைத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. நெகடிவில் வெள்ளை கறுப்பாக விழும் அல்லவா? யாருடைய வேட்டியோ, பச்சைக்கு மேலே, ஆழத்தில் கிடக்கும் நிழல் மாதிரி அசைந்தது. மேலாகத் தெரியும் தண்ணீர், நடுவில் இருட்டு, அதற்கும் கீழே தரை. ஆற்றுக்கு இருக்க வேண்டிய ஆழம் அதுதான்.

அதனால் கழுவவில்லை. மருந்துப் பக்கத்திலேயே ஆயில் வர்ணத்தைப் பூசினேன். கரையோரம் காவி, நடுவில் பாசி நிறம், தூண்களுக்குக் கீழே கிட்டத்தட்டக் கறுப்பு. தகடுகளை அருகருகே வைத்து வச்சிரப் பசையால் பலகையில் ஒட்டினேன். மேல்பக்கம் வார்னிஷை மெல்லிசாகத் தடவி, பாதி உலர்ந்ததும் துணி சுற்றிய விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். சிற்றலை எழும்பிற்று. தூணில் மோதித் தண்ணீர் பிரிகிற இடத்தில் வார்னிஷ் கொஞ்சம் தடிப்பு. டிரைவர் திருச்சி போனபோது கொள்ளிடத்திலிருந்தே மணல் கொண்டுவந்து, மாவு சலிப்பது போலச் சலித்துக் கொடுத்தார்.

முகங்களை ஆற்றில் போடுகிறோமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு கல்யாண ஜோடியைத் தலைகீழாகத் திருப்பி, பாலத்துக்கு அடியில் வைத்தேன். கழுவிவிடப் போகிற தகடுதானே என்று சொல்லிக்கொண்டேன்.

முடிந்த அன்று டிரைவர் சாவி கொடுத்து ரயிலை விட்டார். பாலத்தின் மேல் அது போனபோது, வார்னிஷில் எஞ்சினின் நிழல் கூடவே நெளிந்துகொண்டு போயிற்று. அவர் தொப்பி இல்லாத தலையில் கையை வைத்துக்கொண்டார். "இதான் தங்கச்சி. ஐப்பசி முடிஞ்சு தண்ணி வடியற நேரம். இதேதான்."

ஸ்டேஷன் ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கடைவீதிக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லையே என்று விரலையே பார்த்தார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

தை பிறந்ததும் கல்லங்குறிச்சியிலிருந்து ஓர் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். காடுகழனியில் வேலை செய்த கை. யுத்தத்துக்கு முன்னால் மகன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கு, ரப்பர் தோட்டத்துக்குப் போனவன். போவதற்கு முன் இங்கேதான் படம் எடுத்துக்கொண்டானாம். ஜப்பான்காரன் வந்த பிறகு ஒரு தகவலும் இல்லை.

"இப்ப கப்பல் வர ஆரம்பிச்சிருச்சாம் தாயி. திரும்பி வந்தவங்ககிட்டக் காட்டிக் கேக்கணும். எங்க வூட்டுல இருந்த படம் மழையில ஊறி வீணாப்போச்சு. இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

என் வீட்டுக்காரர் பரணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வருஷத்துப் பெட்டி எனக்கு இறக்கிக் கொடுத்ததுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கழுவிய தகடுகளில் அது போயிருந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்போம். ஆனால் அது ஆற்றில் இருந்தது.

நான் ஒளிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "எம்மவன் படத்த எங்க வச்சிருக்கீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கையைப் பிடித்து டிரைவர் வீட்டுக்கு அழைத்துப்போனேன்.

கூடத்தில் நுழைந்ததும் அந்த அம்மா ரயிலைப் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, கிணற்றில் எட்டிப் பார்ப்பது மாதிரி ஆற்றின் மேல் குனிந்தார். டிரைவர் ஜன்னலை அகலத் திறந்தார். வார்னிஷும் வர்ணமும் சேர்ந்து மறைத்த தகடுகளில் எனக்கே எது யார் என்று தெரியவில்லை. கறுத்த முகங்கள், வெளுத்த தலைமுடி. கல்யாண ஜோடியை மட்டும்தான் நான் கண்டுபிடித்தேன்.

"இந்தா, இவன்தான்" என்றார் அந்த அம்மா.

மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். "கோட்டு பத்தல பாரு. கை வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது." ஸ்டூடியோவில் இரவல் கொடுக்கும் கோட்டு அது. அவன் நெட்டையன். பிறகு அவர் விரலை எடுக்கவே இல்லை. "ஏன் தாயி, இவன ஏன் தண்ணிக்குள்ள போட்டீங்க?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

டிரைவர்தான் பேசினார். "எடுத்துரும்மா. ஆத்த அப்பறம் கட்டிக்கலாம்."

"எல்லாம் சேந்து ஒட்டியிருக்குங்க. இத எடுத்தா மொத்தமும் போயிரும்."

"போவட்டும்."

அவரே கத்தியை எடுத்து வந்து ஓரத்துத் தகடுகளைப் பெயர்த்தார். அவர் கையாலேயே இரண்டு தகடுகள் நொறுங்கின. வச்சிரம் இளக ஈரத்துணி போட்டு ஊற வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் மருந்து கெடாமல் விட்டிருக்கும். அந்த அம்மா முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பொறுமை இல்லை. "வெந்நீர் இருக்குங்களா?" என்று கேட்டது நான்தான்.

வெந்நீர்த் துணி பட்டதும் தகடு சட்டென்று விட்டுக்கொடுத்தது. திருப்பிப் பார்த்தபோது, ஒரு பக்கம் மருந்து இளகி, பாலின் மேல் ஆடை சுருங்குவது போலச் சுருங்கியிருந்தது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் வர்ணத்தை மெல்ல மெல்ல எடுத்தேன். கோட்டு வந்தது, நீட்டிய கை வந்தது, நெற்றியும் கண்களும் வந்தன. மூக்கும் வாயும் கன்னமும் வரவில்லை. அந்த இடத்தில் வெறும் கண்ணாடி.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "பரண்லேருந்து எடுத்துக் குடுத்தது நான்" என்று மட்டும் சொன்னார். அது ஆறுதலாக இல்லை. குற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் பாதியாகும் என்பார்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு முழுக் குற்றமாகத்தான் இருந்தது.

இல்லாத இடத்தில் மெல்லிசாக வார்னிஷ் தடவி, தகட்டின் மேலேயே நான் பென்சிலால் வரைந்தேன். அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாய் எப்படி இருக்கும், மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு வரைந்தேன். "அவங்கப்பா மூக்கு" என்றார். அப்பா செத்துப் பல வருஷம். அவருக்குப் படமும் கிடையாது. "எடுப்பா இருக்கும்" என்றார். எடுப்பாக வரைந்தேன். படத்தைப் போட்டுக் கையில் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சியில பாதி நான் போட்டதும்மா" என்றேன்.

"தெரியும். பரவால்ல. கண்ணு அவனுதுதான்."

அதை எடுத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனார். ஜெயங்கொண்டத்தில், விருத்தாசலத்துப் பக்கத்தில், கப்பலில் வந்தவர்கள் எங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் போவார். யாரும் அவனைத் தெரியும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பும் வழியில் ஸ்டூடியோவுக்கு வந்து, "இல்லேன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நானும் தேடுகிறவள் என்று நினைத்தார். ஆனால் அந்த வார்த்தை ஒவ்வொன்றும் என் பென்சிலைத்தான் வந்து தொட்டது. நல்ல முகமாக இருந்திருந்தால் யாராவது அடையாளம் கண்டிருப்பார்களோ?

பெரம்பலூருக்குப் பக்கத்தில் சயாமிலிருந்து ஒருவர் திரும்பியிருக்கிறார் என்று தெரிந்தபோது, "நீயும் வாயேன் தாயி" என்றார். பெட்ரோல் கிடைக்காத காலம்; கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் போனோம். வழியில் ஓர் ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம்.

அந்த மனிதர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மலேயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய், சயாம் காட்டுக்குள் ரயில் ரோடு போட வைத்தானாம். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நெட்டையா இருப்பானா?"

அந்த அம்மாவின் உடம்பு நிமிர்ந்தது. "ஆமாங்க."

"மூக்கு எடுப்பா... ஒருத்தன் இருந்தான்மா. பாலம் போட்ட எடத்துல. சாயங்காலம் ஆனா பாடுவான்."

"எம்மவன் பாடமாட்டானுங்களே" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அங்க போயி பழகியிருப்பான்" என்றார்.

"இருக்கலாம்மா. கடைசியா நான் பாக்கையில உசுரோட இருந்தான்."

திரும்பும்போது அவர் பஸ் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். மகன் பாடுகிறான் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு வறுத்த கடலை வாங்கிக் கொடுத்து, நான் தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டே வந்தார். நான் தோலை உரித்து உரித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அடையாளம் கண்ட மூக்கு நான் வரைந்த மூக்கு. அந்த அம்மாவுக்கும் அது தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "தெரியும். சும்மா வா" என்றார்.

டிரைவர் ஆற்றைத் திரும்பக் கட்டவில்லை. பெயர்த்த இடத்தில் சலித்த மணலைக் கொட்டிப் பரப்பிவிட்டார். நான் வேறு கண்ணாடி தேடித் தருகிறேன் என்றதற்கு, "கோடையில கொள்ளிடம் இப்புடித்தானம்மா கெடக்கும்" என்றார். கல்யாண ஜோடியின் தகட்டை அவரே துடைத்து எங்களிடம் கொடுத்தார். அதைக் கேட்டு யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஸ்டூடியோவில் ஒரு தகட்டைக்கூடக் கழுவவில்லை. அது நல்ல காரியம் என்று சொல்லமாட்டேன்; கழுவ எனக்குக் கை வரவில்லை.

சுதந்திரம் வந்தது. கப்பல்கள் வந்தன. மகன் வரவில்லை. சொந்தக்காரர்கள் படத்துக்கு மாலை போடச் சொல்லியும் அந்த அம்மா சம்மதிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க வருவது குறைந்தது.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு சந்தை நாளில் வந்தார். உடம்பு ஒடுங்கியிருந்தது. முந்தானையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அந்தத் தகடு இருக்கா தாயி?"

"இருக்கும்மா."

"நீ போட்ட மூக்க அழிச்சுட்டு இன்னொரு படம் போட்டுக் குடேன்."

"அழிச்சா அந்த எடம் கறுப்பா விழும்மா. பாக்க நல்லா இருக்காது."

"விழட்டும். கொஞ்ச நாளா இந்த மூக்குதான் கனவுல வருது. அவன் மூக்கு எப்புடி இருந்துச்சுன்னு எனக்கு மறந்துபோச்சு. அவனா இருக்கறது மட்டும் போதும்."

உள்ளே போய்த் தகட்டை எடுத்தேன். டர்பன்டைன் தொட்ட பஞ்சால் ஒரு தடவை துடைத்தேன். பென்சில் உடனே போய்விட்டது, அத்தனை சுலபமாக. என் வீட்டுக்காரர் படத்தைப் போட்டார். ஈரம் உலரும் வரை அந்த அம்மா காத்திருந்தார். நெற்றி, இரண்டு கண்கள், அதற்குக் கீழே கறுப்பு, பிறகு பத்தாத கோட்டு, நீட்டிய கை.

வாங்கிப் பார்த்தார். "ம்" என்றார். துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசலில் இறங்கும்போது திரும்பி, "நான் போயிட்டு வரேன் தாயி, பொழுது சாயறதுக்கு முன்ன போவணும்" என்றார். நான் தெருமுனை வரை கூடப் போனேன்.