எங்களுக்கு ஒரு கீப்பர் தேவை

வெங்காயம் வாங்க நான் இன்னமும் கிழக்கு லண்டனில் இருக்கும் அப்டன் பார்க்குக்குத்தான் போகிறேன். நாங்கள் இருப்பது தெற்கே, மிச்சம் என்கிற இடத்தில். ட்ராம் தரிப்பிடத்துக்கு எதிரேயே தமிழ்க் கடை இருக்கிறது, அங்கே வெங்காயமும் இருக்கிறது. ஆனாலும் லண்டனைக் குறுக்கே கடந்து போய், சிவப்பு வலைப் பையில் கட்டிய பெரிய மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் எனக்கு வாங்கியது மாதிரி இருக்கும். மனைவி இதை விசர் என்கிறாள். விசர்தான். போகும்போது டயரில் காற்றுப் போகுமோ, வரும்போது ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதைக்குள் மாட்டுப்படுவோமோ என்று வழி முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டே வாங்கி வருகிற வெங்காயம் அது.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் கார் ஓட்டினான். மூட்டையைப் பின் சீட்டில் போட்டதும் கார் முழுக்க அந்த மணம் நிறைந்தது. காய்ந்த தோல், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் மண். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினான். ஆனால் நல்ல சந்தோஷத்தில் இருந்தான். அவனுக்கு இப்போது அமெரிக்கர்களின் ஃபுட்போலில்தான் பைத்தியம். முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதற்கும் ஃபுட்போல் என்றுதான் பெயர். நான் ஒன்றும் சொல்வதில்லை.

"அப்பா, எங்கட டீம் லாஸ்டா வந்தது நல்லதாப் போச்சு."

"தோத்தது நல்லதோ?"

"ஓம். லாஸ்டா வந்த டீமுக்குத்தான் புதுப் பிளேயர்ஸை முதல் சூஸ் பண்ணலாம். அதுதான் டிராஃப்ட். எங்களுக்கு டிஃபென்ஸ்தான் வேணும். ஆனா பாருங்கோ, அவங்கள் இந்த முறையும் ஸ்டார் ஒருத்தனைத்தான் எடுப்பாங்கள்."

நான் சிரித்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். ரோட்டைப் பார் என்றேன். முன்னால் ஒன்றும் வரவில்லைதான். எனக்கு எப்போதும் ஏதோ வருவதாகவே இருக்கும்.

அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாக அவன் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த முறையை, மனோர் பார்க்கில் ஒரு கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நாங்களும் நடத்தினோம் என்று எப்படிச் சொல்வது?

கடை குணம் அண்ணையுடையது. எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் தலைவர், பயிற்சியாளர், தேத்தண்ணி போடுகிறவர். அப்போது லண்டனில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கழகம் இருந்தது. தகப்பனின் ஊருக்கு விளையாடலாம், தாயின் ஊருக்கு விளையாடலாம், கலியாணம் செய்தவன் மனைவியின் ஊருக்கும் விளையாடலாம். இந்த மூன்றாவது வசதிக்காகவே ஒரு நல்ல ஹாஃப்பேக்குக்குப் பெண் பார்த்த கழகமும் உண்டு. ஆனால் இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். சின்னச் சின்ன ஊர்களிலிருந்தும் பொடியன்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு அணி சேர்க்கிற அளவுக்கு அந்த ஊர்களின் ஆட்கள் லண்டனில் இருக்கமாட்டார்கள். அவர்களை என்ன செய்வது? மைதானங்கள் எல்லாம் சேறாகிக் கிடக்கும் குளிர்காலத்தில், ஆட்டம் இல்லாத ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாக் கழகங்களும் கூடி அவர்களைப் பங்கிட்டுக்கொள்ளும். 'பிரிப்பு' என்று அதற்குப் பெயர். கடைசியாக வந்த கழகம் முதலில் கேட்கும். நாங்கள்தான் வழக்கமாக முதலில் கேட்போம்.

பிரிப்பில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. பந்து போட்டுப் பார்க்க இடமில்லை. பொடியன் தடித்த குளிர்ச்சட்டையோடு எழுந்து நின்று ஊரையும், தான் எந்த இடத்தில் விளையாடுபவன் என்பதையும் சொல்வான். எவனைக் கேட்டாலும் சென்டர் ஃபோர்வேர்ட்தான். பின்னால் நின்று தடுக்கிற பேக்குக்கு நின்றவன் என்று ஒருவன்கூட அந்த நாட்டிலிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் கழகமும் ஒவ்வொரு குளிருக்கும் புதிதாக ஒரு சென்டர் ஃபோர்வேர்டைக் கேட்டு வாங்கும். கோடையில் அவர்கள் எல்லோரும் எதிரணியின் வாசலில் நின்றுகொண்டு, தனக்குப் பந்து தரவில்லை என்று ஒருவரோடு ஒருவர் கோபித்துக்கொள்வார்கள்.

கோலுக்கு நின்றவன் நான்.

திறமையால் கிடைத்த இடம் இல்லை. வேறு யாரும் நிற்கமாட்டார்கள் என்பதால் கிடைத்தது. என் கைகள் சின்னவை. பந்து வரும் முன்பே அது எப்படியெல்லாம் உள்ளே போகலாம் என்று யோசித்து முடித்திருப்பேன், அப்படியே போகும். ஆனால் பயந்த மனிதனுக்குக் கண் கூர்மை. பின்னால் நின்றால் மைதானம் முழுதும் தெரியும். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கத்திக்கொண்டே இருப்பேன். "ரஞ்சன், பின்னால பார்! ரஞ்சன், வலப்பக்கம் ஆள்!" ரஞ்சன் எங்கள் பேக். பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வான் ஓட்டினான். கனவிலும் என் சத்தம்தான் கேட்கிறது என்று சலித்துக்கொள்வான்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டில் இருக்கலாமா என்ற அரசாங்கத்தின் முடிவு அப்போது எனக்கு வந்திருக்கவில்லை. கிழமை நாட்களில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், கண்ணாடிக்குள், ஒரு சின்ன மைக்குக்கு முன்னால் இருப்பேன். பம்ப் இலக்கத்தைத் தவிர யாரும் என்னோடு பேசமாட்டார்கள். ஞாயிறு காலையில் மட்டும் தெருவில் ரஞ்சனின் வான் வந்து ஹோர்ன் அடிக்கும். ஒரு மனிதனுக்காக அடிக்கப்படும் ஹோர்ன் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது இல்லாமல் இருந்தவர்களுக்குத் தெரியும். வானுக்குள் பாண் மணம், சூட்டுத் தைல மணம், பந்துகளைக் கட்டிய வெங்காயப் பையின் மணம். குணம் அண்ணை பந்துப் பை என்று தனியாக ஒன்றும் வாங்கியதில்லை.

ஒரு வருடம், பிரிப்புக்கு முன்னர் எங்கள் ஆட்கள் மட்டும் பின்னறையில் கூடினோம். குணம் அண்ணை எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த முறை எங்களுக்கு என்ன தேவை எண்டு முதல் கதைப்பம்."

"சென்டர் ஃபோர்வேர்ட்," என்றான் ரஞ்சன் உடனே.

"டேய், இருக்கிறவங்களை என்ன செய்யிறது? கடையில அடுக்கி விக்கிறதோ?"

"கோல் அடிக்காமல் என்னெண்டு அண்ணை வெல்லுறது?"

"கோல் வாங்காமல் இருந்து பாப்பம். அதையும் ஒருக்கா செய்து பாப்பம்."

எல்லோரும் என்னை மட்டும் விட்டுவிட்டு, அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எல்லாவற்றையும் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருந்த மூட்டையிலிருந்து வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, குறை நினையாதை," என்றார் குணம் அண்ணை.

"இல்லை அண்ணை. நானும் அதைத்தான் யோசிச்சனான்," என்றேன்.

நான் யோசித்தது வேறு. கீப்பராக இல்லாதவனுக்கு வான் ஏன் வர வேண்டும்? ஹோர்ன் யாருக்காக அடிக்க வேண்டும்? அடுத்த ஞாயிறுவரை கண்ணாடிக்குள் இருந்து அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். பிரிப்பு நடக்கிற அன்று பேசாமல் வீட்டில் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ரஞ்சன் வந்து ஹோர்ன் அடித்துவிட்டான்.

வழக்கம்போல் பொடியன்கள் எழுந்தார்கள், சொன்னார்கள். சென்டர் ஃபோர்வேர்ட், சென்டர் ஃபோர்வேர்ட். மூலையில் நின்ற ஒரு நெடுத்த பொடியனின் முறை வந்தது. பெயர் சிவநேசன். கடற்கரையோரம் ஒரு சின்ன ஊரைச் சொன்னான். பிறகு, "கோலுக்கு நிப்பன்," என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

குணம் அண்ணை மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து அவனை நோக்கி வேகமாக எறிந்தார். அவன் ஒரு கையால் பிடித்தான். உடம்பு அசையவே இல்லை. பிடித்ததை மூட்டைக்குள் திரும்ப வைத்துவிட்டு நின்றான்.

"எங்களுக்கு!" என்று குணம் அண்ணை எழும்பினார்.

முதலாவதாக வந்த கழகத்தின் தலைவரும் எழும்பினார். "இவரின்ரை அக்கா எங்கட ஊரிலதான் கலியாணம் முடிச்சவ. இவர் எங்கட ஆள்!"

"அப்ப அக்காவின்ரை புருசன் வந்து உங்களுக்கு விளையாடட்டும்," என்றார் குணம் அண்ணை. "கடைசியா வந்தது நாங்கள். கஷ்டப்பட்டுக் கடைசியா வந்தனாங்கள். இவன் எங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் என் கையுறைகளைச் சிவநேசனிடம் கொடுத்தேன். அவை அவன் விரல்களில் பாதிக்குமேல் ஏறவில்லை.

கோடை வந்தது. ரஞ்சனின் வான் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஹோர்ன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசியோ என்று நினைத்துக்கொண்டு ஏறுவேன். தண்ணீர்ப் போத்தல்களுக்கும் வெட்டிய தோடம்பழத்துக்கும் நான் காவல். சிவநேசன் நல்ல கீப்பர், அதில் சந்தேகமே இல்லை. வந்த பந்தையெல்லாம் வெங்காயத்தைப் பிடித்த மாதிரியே பிடித்தான். ஆனால் வாய் திறக்கமாட்டான். சத்தம் போடாமல் இருந்தால்தான் உயிர் தப்பலாம் என்ற இடத்தில் வளர்ந்தவன். பின்னாலிருந்து சத்தமே வராததால் ரஞ்சன் யாருமில்லாத இடத்தைக் காத்துக்கொண்டு நின்றான். முதல் ஆட்டத்தில் தோற்றோம்.

அடுத்த ஆட்டம் மனோர் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வெளியில், ஃப்ளாட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில். வெளியே போன பந்தை எடுக்க எங்கள் கோலுக்குப் பின்னால் போனேன். நிமிர்ந்தால் மைதானம் முழுதும் பழையபடி தெரிந்தது. இடப்பக்கம் எதிரணிக்காரன் ஒருவன் தனியாக ஓடி வருகிறான். ரஞ்சன் வேறெங்கோ பார்க்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை, அதுவே திறந்தது.

"ரஞ்சன், பின்னால! பின்னால ஆள்!"

பழக்கத்தில் ரஞ்சன் திரும்பிப் பந்தை வெளியே அடித்தான். அடித்த பிறகுதான் எங்கிருந்து சத்தம் வந்தது என்று தேடினான். சிவநேசனும் திரும்பி என்னைப் பார்த்தான்.

இடைவேளையில் அவன் என் பக்கத்தில் வந்து தோடம்பழம் எடுத்தான். "அண்ணை, நீங்கள் அதிலேயே நில்லுங்கோ," என்றான். "நான் பிடிக்கிறன். நீங்கள் கத்துங்கோ. எனக்குக் கத்த ஏலாது."

நின்றேன். எதிரணியினர் சும்மா விடுவார்களா? ரெஃபரியிடம் முறையிட்டார்கள். அவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். இவர் என்ன சத்தம் போடுகிறார் என்று வந்து கேட்டார். குணம் அண்ணை பணிவாக, தன் ஆங்கிலத்தில், அவர் கடவுளைக் கும்பிடுகிறார் என்று விளக்கினார். ரெஃபரி மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உடனே நான் கும்பிட்டேன்: "டேய் ரஞ்சன், நித்திரையோடா?"

அந்தக் கோடை முழுக்க கோலுக்குப் பின்னால்தான் நின்றேன். வான் ஹோர்ன் அடித்தது எனக்காகத்தான் என்பதில் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை. கவலைப்படுவதற்கு மற்றவையெல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. நாங்கள் கடைசியாக வரவில்லை. அடுத்த பிரிப்பில் முதலில் கேட்கும் உரிமை போய்விட்டதே என்று குணம் அண்ணைக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிக்கொண்டே சேர்ச் ரோட்டுக் கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். குணம் அண்ணை இப்போது இல்லை. அவருடைய கடை இருந்த இடத்தில் நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். வந்து இறங்கும் பொடியன்கள் இல்லாததால் பிரிப்பும் நின்றுபோனது. சிவநேசன் கனடாவில் இருக்கிறான். டெலிபோன் எடுத்தாலும் நான்தான் பேச வேண்டும், அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஃப்ளாட்ஸில் ஆட்டம் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்துக் காரை நிறுத்தினோம். எங்கள் ஊரின் பெயர் நீலச் சட்டைகளில் ஆங்கில எழுத்தில் இருந்தது. போட்டிருந்தவர்கள் எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். நன்றாக விளையாடினார்கள், எங்களைவிட எவ்வளவோ நன்றாக. அவர்களுடைய கீப்பர் காதில் கடுக்கன் போட்ட பொடியன், ஒரு சொல் பேசாமல் நின்றான். என் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின. கோலுக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள்.

"ஸொறி அங்கிள், கோலுக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கேலாது. சேஃப்டி."

அவள் சொல்வதும் சரிதான். பந்து முகத்தில் பட்டால் என்ன ஆவது? அதை நானே எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். திரும்பி வந்து மகனோடு பக்கவாட்டில் நின்றேன். அங்கிருந்து மைதானத்தில் பாதிதான் தெரிந்தது. இடப்பக்கம் ஒருவன் தனியாக ஓடி வந்தான். நான் பார்த்தேன். கோல்.

"இவங்களுக்கும் டிஃபென்ஸ்தான் வேணும்," என்றான் மகன். பிறகு கேட்டான், "அப்பா, நீங்கள் கடைசியா எந்தப் பொசிஷன்?"

கையை நீட்டிக் காட்டினேன். அவன் கயிற்றையும் அதற்கு அப்பால் இருந்த புல்லையும் பார்த்தான்.

"அது வெளியில அப்பா."

"ஓம்," என்றேன். "இப்ப வெளியிலதான்."