ஒற்றைக் குட்டி

எங்கள் வேலியோரம் கட்டியிருந்த ஆடு எங்களுடையது அல்ல. தெருவில் ஐந்து வீடுகளுக்கு அதில் பாத்தியதை இருந்தது. முதல் முறை எங்களுக்கு விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் சர்க்கார் அனுப்பிய கிராம சேவிகா. சுதந்திரம் வந்து பத்து ஆண்டு ஆகியிருக்கலாம். அவர் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பெரியபட்டினம் போகும் பாதையில் இறங்கி, கறுப்புக் குடையோடு மணலில் நடந்து எங்கள் தெருவுக்கு வருவார். படித்த பெண் என்பதால் எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு முன் வந்தவர்கள் பால்பவுடர் கொடுத்தார்கள், சேலை கொடுத்தார்கள். பவுடர் தீர்ந்தது, சேலை கிழிந்தது. டீச்சர் வேறு விதமாக யோசித்தார். ஐந்து ஏழை வீடுகளுக்கு ஒரு சினையாடு. அது ஈன்ற பெட்டைக் குட்டியை வளர்த்து, பால் மறந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு தாயாடு வளர்த்த வீட்டுக்கே சொந்தம். குட்டி வாங்கிய வீடு தன் முறைக்கு அதன் குட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். வரிசையைத் தலைவரோ கணக்குப்பிள்ளையோ சொல்லக் கூடாது, பெண்களே கூடி எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுதத் தெரியாதவர்கள் என்பதால் ஐந்து ஓலைத் துண்டுகளில் ஒன்று முதல் ஐந்து வரை கோடு கிழித்து, பெட்டியில் போட்டுக் குலுக்கினார்கள்.

ஒரு கோடு எங்கள் ஆத்தாவுக்கு வந்தது. இரண்டு கோடு அடுத்த வீட்டு மாமிக்கு.

மாமி முஸ்லிம். அவள் புருஷன் கொழும்புக்குத் தோணியில் போனவர். தோணி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. ஓலைப்பெட்டி முடைந்து விற்றுத்தான் அவளும் மகள் சபுராவும் சாப்பிட்டார்கள். சபுராவுக்கு என் வயதுதான், ஒன்பது. “எனக்கு என்னைக்கு மொத ஓலை வந்திருக்கு” என்று குலுக்கிய அன்று முணுமுணுத்த மாமி, மறுநாள் காலையிலேயே ஆட்டின் வயிற்றில் உரிமை கொண்டாட ஆரம்பித்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

“ஏ புள்ள, எங்க குட்டிக்குத் தண்ணி காட்டினியா?”

“இன்னும் பொறக்கவே இல்லயே மாமி.”

“பொறக்காட்டி என்ன, தாகம் எடுக்காதா?”

சபுரா சாயங்காலம் தோறும் உடைமரத்து நெற்றைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வருவாள். அவளைக் கண்டதும் ஆடு கத்தும். நான் கட்டி மேய்க்கிற ஆடு அவளைப் பார்த்துக் கத்துவது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் கண் மேலே செருகிவிட்டது. அய்யா அறுவடைக்குப் போயிருந்தார். மாமிதான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆத்தா வாசலில் போய் நின்று, மேற்கே ஏர்வாடி தர்கா இருக்கும் திசையைப் பார்த்து முந்தானையை ஏந்தினாள்.

“அவுலியாவே, எம்புள்ளயக் குடுத்துரு. இந்த ஆடு போடுற மொதக் குட்டிய ஒன் வாசல்ல கொண்டாந்து விடுறேன்.”

உள்ளேயிருந்து மாமி, “ஆமீன்” என்றாள்.

எங்கள் பக்கத்து ஆடுகள் இரண்டு குட்டி போடும், சமயத்தில் மூன்றும் போடும். முதலில் விழுவது தர்காவுக்கு, அடுத்தது மாமிக்கு என்பது ஆத்தாவின் எண்ணம். சொல்லும்போதே அப்படி எண்ணினாளா, பிறகு எண்ணிக்கொண்டாளா என்பது தெரியாது.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆடு ஒரே ஒரு குட்டி போட்டது. பெட்டை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ஆத்தா ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குட்டி பால் மறந்த வாரம் டீச்சர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும், குடையை மடக்காமலே ஆத்தாவிடம் கேட்டார்.

“இந்தக் குட்டி உங்களுதில்லையேம்மா. அடுத்தவங்க குட்டியை எப்படி நேர்ந்தீங்க? பின்னால வேற ஒண்ணு வாங்கி விடக் கூடாதா?”

“சொன்னது இந்தக் குட்டியத்தான் டீச்சர். மாத்திச் செஞ்சா எம்புள்ளய யாரு காவந்து பண்ணுவா?” என்றாள் ஆத்தா.

டீச்சர் மாமியின் பக்கம் திரும்பினார். அந்தக் குட்டியைத் தா என்று கேட்க உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். மாமி முடைந்துகொண்டிருந்த பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அவுலியாவுக்குன்னு சொன்னத நான் எங்கிட்டு வாங்கிக் கட்ட? ஆமீன் சொன்னவளே நான்தானே. எனக்கு அடுத்த ஈத்துல தரட்டும்.”

டீச்சர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் அந்தத் திட்டத்தைப் போட்டிருந்தார். நேர்ச்சையை யோசித்திருக்கவில்லை. யாரையும் கடிந்துகொள்ளாமல் போய்விட்டார்.

ஊர் எல்லையில் அய்யா குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், ஆத்தா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏர்வாடிக்கு நடந்தே போனோம். அந்த எல்லை வரை குட்டியைச் சபுராதான் தூக்கி வந்தாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஈரப் புல்லை மேய்ந்த ஆடு வயிறு உப்பி ஒரே பகலில் செத்துப்போனது. டீச்சருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். அவருக்குப் பின் வந்தவர் சேலை கொடுத்தார்.

மழையில் ஓலை கிடைக்காமல், விற்க ஒரு குட்டியும் இல்லாமல், மாமியின் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் கூடின. தை மாதம், கீழக்கரையில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு பெண் வந்து கேட்டாள். மூன்று வேளைச் சோறு என்றாள். சபுராவுக்குப் புதுப் பாவாடை வந்தது. பஸ் ஏற்றிவிட எல்லாரும் போனோம். வீட்டில் சீவிவிட்ட தலையை மாமி பஸ் நிற்கும் இடத்தில் அவிழ்த்து மறுபடி சீவினாள். சபுரா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் ஏறிவிட்ட கர்வம் என்று எடுத்துக்கொண்டேன். நான் அதுவரை பஸ் ஏறியதில்லை.

திரும்பி நடக்கும்போது ஆத்தாவிடம் கேட்டேன்: “என்னைய எப்ப ஆத்தா பஸ்ஸுல அனுப்புவ?”

ஆத்தா என்னை அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை.

முன்னால் போன மாமி திரும்பி வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “புள்ளய ஏன் அடிக்கிற? அதுக்கு என்ன தெரியும்?”

பஸ்ஸுக்குக் காசு கேட்டதற்காக விழுந்த அடி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “ஆத்தா கெட்டவ” என்றேன். மாமி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஆத்தா எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.