கமலாத்தாள் பேயாக நடித்த படம்

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மாரப்பனுக்கு ஒரு பேய்ப்படம் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. எழுபத்தைந்தாம் வருசம், பொள்ளாச்சியில் யாரோ விற்ற பழைய எட்டு எம்.எம். கேமரா கைக்கு வந்ததும் அந்த ஆசை பித்தாகிவிட்டது. பத்து நிமிசப் படம், பேச்சில்லாத கலர்ப் படம். கிணற்றில் விழுந்து செத்தவள் எழுந்து வருகிறாள், அவ்வளவுதான் கதை. விளக்குக்கு வழியில்லாததால் அவன் பேய் உச்சி வெயிலில் வந்தது.

பேயாக நடிக்க ஊரில் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. "நான் வாரனுங்க" என்றாள் அவன் மனைவி கமலாத்தாள்.

நடிக்க மட்டுமா வந்தாள்! வெல்லப்பாகில் குங்குமம் குழைத்து ரத்தம் காய்ச்சினாள். மெழுகை உருக்கி நீள விரல்கள் செய்தாள். கற்றாழை நாரில் கரியைத் தேய்த்துச் சடைமுடி ஆக்கினாள். மைதாப் பசையில் மஞ்சள் சாயம் கலந்து அவன் அவள் முகத்தில் அப்ப, அது காய்ந்து வெடிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணற்றடியில் எட்டு நாள் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் அவள் கட்டுச்சோற்றைத் தொடவில்லை.

"வாந்தி வர்றாப்பல இருக்குதுங்க."

"சாய நாத்தம் அப்படித்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். மஞ்சள் போகவில்லை. "சீயக்காய் போட்டுத் தேய்ச்சுக் கழுவு, கமலா" என்று சிரித்தான். மறுநாளும் அப்படியே சொன்னான். அவளும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

படம் முடிந்த மூன்றாம் நாள் அடுப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"சாயமுங்க. படத்துக்குப் பூசுனது" என்றான் மாரப்பன்.

"சாயம் கண்ணுக்குள்ளயுமா போகும்?"

காமாலை முற்றிப் போயிருந்தது. நினைவு தப்புவதற்கு முன் அவள் கேட்டது ஒன்றுதான்: "கடைசியா கிணத்தோரம் எடுத்தீங்களே, நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சு" என்றான். சுருளைக் கழுவ பம்பாய்க்கு அப்போதுதான் அனுப்பியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் அவள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த மறுவாரம் தபாலில் சுருள் வந்தது. ஸ்டுடியோக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். கேமராவை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோய் எடுத்த இடம் வந்தது. வெடித்த பசைக்கு நடுவே இரண்டு கண்கள். மஞ்சள் கண்கள். லென்சைத் திருகித் திருகி, அந்தக் கண்களைத் துல்லியமாக்கியவனே அவன்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா முத்தாத்தாள் வந்தாள். "படத்துல எம்புள்ள நடமாடறாளாமே. காட்டுங்க மாப்ளே."

"அவ முகமே தெரியாதுங்க அத்தே. பேய் வேசம்."

"பரவால்லீங்க."

சுவரில் கமலாத்தாள் கிணற்றைவிட்டு எழுந்து வந்தாள். முத்தாத்தாள் பயப்படவில்லை. "எளச்சுப் போயிருக்கறாளே" என்றாள் மெதுவாக.

"நான் கவனிக்கலீங்க அத்தே. பக்கத்துலயே இருந்தும் கவனிக்கலீங்க." மாரப்பன் தேம்பினான்.

அவள் அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. படம் ஓடி முடிந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள்.

அவன் சுருளை மறுபடி மாட்டினான்.