பாராட்டி எழுதிய பத்து வரி

நான் வேலை செய்யும் வின்னிபெக் கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். யாராவது ஒரு மருந்தாளுநர் எழுந்து, போன வாரம் எந்த டாக்டரின் சீட்டில் என்ன பிழையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். பிழை செய்த டாக்டரும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டுவார். கனடாவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. அந்த நேரத்தில் எங்கே பார்ப்பதென்று எனக்கு இன்னும் தெரிவதில்லை. குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் வேலைக்கு இங்கே ஆம்புலேட்டரி கேர் பார்மசிஸ்ட் என்று பெயர். படுக்கையில் கிடக்காமல், நடந்து வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நோயாளிகள்தான் எங்கள் ஆட்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களை எதிரே உட்கார வைத்து, என்ன சாப்பிடுகிறார்கள், எதை மறக்கிறார்கள் என்று கேட்டு, மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். வந்த புதிதில் ஒரு டாக்டரிடம், "இந்த அளவை ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று கேட்டேன். "பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அளவு இரண்டு மடங்காக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டதாகவே நான் நினைத்திருந்தேன். கோவையில் அந்த ஒரு வரி போதும், எந்த டாக்டரும் சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்ப்பார். இங்கே நேராகச் சொல்லப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பழகியதில் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் ஆறு வருடம் நின்றவள் நான். கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே குனிந்து, "ஏனுங்க, இது சோத்துக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் அடுத்த டோக்கன்காரர் முழங்கையை உள்ளே விட்டிருப்பார். கேட்டவர் பாதி புரிந்து வெள்ளகோவில் பஸ் பிடிக்கப் போய்விடுவார். அந்தப் பாதியை நினைத்து நிறைய நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால்தான் நாலு வருடத்துக்கு முன்பு, கோவை வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்ய நினைக்கிறவர்களை ஒன்று சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூட்டம். அவர்களுக்கு மாலை, எனக்கு விடிகாலை. பனிக்காலத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, முகம் கழுவாமலே கேமரா முன்னால் உட்காருவேன்.

முப்பது பேர் சேர்ந்தார்கள். அதில் சிங்காநல்லூர் ஸ்டெல்லாதான் என் நம்பிக்கை. அவள் தன் மருத்துவமனையில் இரண்டு வருடம் நடையாய் நடந்து, வெளிநோயாளிப் பிரிவின் நடையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வாங்கிவிட்டாள். மருந்து வாங்கியவர்கள் அங்கே உட்கார்ந்து சந்தேகம் கேட்கலாம். ஒருநாள் கிணத்துக்கடவிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்திருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர். தோலில் படை என்று இன்னொரு டாக்டர் வேறு மாத்திரை எழுதியிருந்தார். இரண்டும் சேர்ந்தால் உள்ளே ரத்தக்கசிவு வரலாம். ஸ்டெல்லா சீட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த டாக்டரிடம் அடக்கமாகக் கேட்டாள். அவரும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மாதக் கூட்டத்தில் இதை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கியதோடு விட்டிருக்கலாம். இங்கே செய்வதைப் போலவே, ஸ்டெல்லா பெயரைப் போட்டு, தென்னந்தோப்பு, படை, டாக்டர் என்று எல்லாம் சேர்த்து, பாராட்டிப் பத்து வரி எழுதிக் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிடும் கை அனுப்பினார்கள். "அருமைங்க மேடம்" என்றார்கள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. ஒருவருக்கு நெட் சரியில்லை, ஒருவருக்கு வீட்டில் விசேஷம். ஸ்டெல்லா வரவே இல்லை. ஒரு மாதம் நானும் இன்னொருவரும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் ஆட்களுக்கு எதையும் தொடர்ந்து செய்யத் தெரியாது என்று என் கணவரிடம் அலுத்துக்கொண்டேன். உண்மையிலேயே அலுத்துத்தான் போயிருந்தது. நாலு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் வீண் என்று தோன்றியது.

இந்தத் தை மாதம் லீவில் ஊருக்கு வந்தபோது ஸ்டெல்லாவின் மருத்துவமனைக்குப் போனேன். மேசை இருக்குமென்று அவள் சொல்லியிருந்த இடத்தில் எடை பார்க்கும் மெஷின் நின்றது. விசாரித்தால், பின்பக்கம் ஸ்டோர்ஸுக்கு வழி காட்டினார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" என்று முகமெல்லாம் சிரித்தாள்.

"மேசை எங்கே ஸ்டெல்லா?"

பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீங்க எழுதுனத ஆரோ அனுப்பி, அது அந்த டாக்டர் கைக்கே வந்துருச்சுங்க. நான் போய்க் கேட்டப்ப அவுரு கோவிச்சுக்கவே இல்லீங்கக்கா. ஊரே படிக்கறாப்பல ஆயிப்போச்சுன்னுதான் மனசு உட்டுப்போட்டாரு. அடுத்த வாரமே மேசைய எடுத்துப்போட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க அத்தன சந்தோசமா எழுதியிருந்தீங்க. அதப் போயி எப்புடிங்கக்கா கெடுக்கறது?"

நான் போய் அந்த டாக்டரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்கக்கா, அப்புறம் ஸ்டோர்சும் போயிரும்" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தோப்புக்காரர் இப்போது யாரிடம் சந்தேகம் கேட்பார் என்று தோன்றியது. திரும்பவும் ஜன்னல் ஓட்டைதான். அவமானத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்னத்துக்குங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, மனது கேட்காமல்தான் அதைச் சொன்னாள் என்று நினைக்கிறேன். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு எங்க மாதா கோயில் மாடி ரூம்புல நாங்க கூடறமுங்க. நீங்களும் வந்துட்டுப் போங்க."

நாங்க என்றால் யார் என்று கேட்டேன். குழுவிலிருந்த பதினோரு பேர். ஒரு வருடமாக மாதா மாதம் கூடுகிறார்கள். எதையும் எழுதுவதில்லை. யார் பெயரையும் வெளியே சொல்வதில்லை. எந்த டாக்டரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்பதையும் சேர்த்தே யோசிக்கிறார்கள். கோட்டைமேட்டு யூசுப் பாய் அப்படிப் பேசியே தன் மருத்துவமனையில் ஒரு தனி அறை வாங்கிவிட்டாராம். நான் நாலு வருடம் ஆசைப்பட்டது அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் சொல்லவில்லை.

ஞாயிறன்று போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது, எல்லோரும் எழுந்தார்கள். அங்கே இருந்த ஒரே கை வைத்த நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அவர்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். போண்டாவை எனக்கு மட்டும் தட்டில் வைத்து, சட்னி தனியாக ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் பொட்டலத்திலேயே கைவிட்டு எடுத்துக்கொண்டார்கள். "அங்க குளுரு எப்புடீங்க மேடம்?" "பசங்க தமிழ் பேசுதுங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு மாத்திரையின் பெயர்கூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. யூசுப் பாய் மட்டும் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் இருக்கும் வரை அது வெளியே வராது என்று எனக்குப் புரிந்தது. வேலை இருக்கிறது என்று எழுந்தேன். "அதுக்குள்ளயுங்களா, இருங்க மேடம்" என்று பதினோரு பேரும் எழுந்து நின்று சொன்னார்கள்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே யூசுப் பாய் குரல் கேட்டது. "ஏனுங்க, ஒரு அம்மணிக்கு மூணு வேளையும் சக்கர மாத்தரைங்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறாங்க. ஒருசந்தின்னு சாப்பாடு ஒருவேளதான், மாத்தர மட்டும் மூணு வேளையும் உடாம முழுங்கறாங்க. சக்கர எறங்கி மயக்கம் போட்டு ரோட்டுல உழுந்துட்டா? டாக்டருகிட்ட எப்புடிச் சொல்றது?" நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸ்டெல்லா எல்லோரையும் அதட்டி அடக்கினாள். வீடியோவில் ஒருநாளும் நான் கேட்டிராத குரல் அது. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் சுற்றி, அவர்களாகவே அந்தப் பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறும் தரையில் என்று, அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.