சூளகிரி ரோட்ல செத்த வேனும் பத்தடி கயிறும்

2007 மே, ஒரு செவ்வாய்க்கிழமை. பிரஸ் மிஷின்ல மாட்டுற இரும்பு அச்சு ஒண்ணு, டைன்னு சொல்லுவோம், 400 கிலோ. கிருஷ்ணகிரில ரிப்பேர் முடிஞ்சுது. ஓசூர் கம்பெனில மதியம் 2.30 ஷிப்டுக்கு முன்னாடி இறக்கணும். தூரம் 50 கிலோமீட்டர். ஏற்கனவே ரெண்டு தடவ லேட்டு. இன்னொரு தடவ ஆச்சுன்னா வேற வண்டி வெச்சுக்கறோம்னு ஸ்டோர்ஸ்காரர் சொல்லிட்டாரு. டிப்ளமோவ பாதில விட்டுட்டு வேன் ஓட்டுற எனக்கு இருந்ததே அந்த ஒரு கம்பெனிதான்.

12.40க்கு கிளம்புனேன். பங்க்ல வழக்கம்போல 200 ரூபாய்க்கு டீசல். மூணு மாசமா இப்படித்தான், டேங்க் ரொம்பி நான் பாத்ததே இல்ல. சூளகிரிக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கறப்ப வண்டி குலுங்குச்சு, இழுவை போச்சு, நின்னுருச்சு. மணி 1.10. செல்ப் ஸ்டார்ட்டர் சுத்துது, இன்ஜின் பிடிக்கல.

காலி தக்காளிப் பெட்டியோட ஒரு வேன் நின்னுச்சு. நாகராஜ், சூளகிரிக்காரன், என் வயசுதான். வீட்ல தெலுங்கு, ரோட்ல யாரப் பாத்தாலும் 'குரு'ன்னுதான் கூப்பிடுவான்.

"மெக்கானிக் கிட்ட இழுத்துட்டுப் போறேன். சாவிய உருவிடாத குரு, ஸ்டியரிங் பூட்டிக்கும். கயிறு தொய்யக் கூடாது. ரெண்டு வண்டிக்கும் பிரேக் நீதான்."

அவன்கிட்ட இருந்த பத்தடி கயித்துல ரெண்டு வண்டியையும் கட்டுனோம். ஆறு கிலோமீட்டர் ஒழுங்கா போச்சு. அப்புறம் இறக்கம். ஒரு டிராக்டர் குறுக்க வந்துச்சு, நாகராஜ் ஸ்லோ பண்ணான். நான் பிரேக்க மிதிச்சேன், கல்லு மாதிரி இருக்கு. இன்ஜின் ஓடலன்னா பிரேக் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் கேக்கும், அப்புறம் கேக்காதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் பயத்துல வழியெல்லாம் மிதிச்சே தீத்துட்டேன். பின்னாடி 400 கிலோ தள்ளுது. ரெண்டு காலையும் பெடல்ல வெச்சு எந்திரிச்சே நின்னேன், ஹேண்ட்பிரேக்க இழுத்தேன், ஹாரன்ல இருந்து கைய எடுக்கல.

நாகராஜ் கண்ணாடில பாத்துட்டான். அவன் பிரேக் போடல. இடது பக்கம் மண்ணுல இறக்கி ஆக்சிலேட்டர மிதிச்சான். கயிறு டப்புனு அறுந்துச்சு. அவன் வண்டி கொஞ்சம் முன்னாடி போய் நின்னுச்சு, என் வண்டியும் அதே மண்ணுல போய் பொதஞ்சு நின்னுச்சு. ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம்.

இறங்கி வந்தான். "ஏன் குரு, என் டெயில் லைட்டுக்கு முத்தம் குடுக்கலாம்னு பாத்தியா?" சிரிச்சான். "இனிமே கயிறே வேணாம். டயருக்கு முட்டு வைக்க இங்க கல்லு கூட இல்ல, ஜாக்கியவே வெக்கலாம், எங்க இருக்கு?"

தெரியாதுன்னேன். அவனே சீட்ட தூக்குனான். ஜாக்கி இருந்துச்சு. பக்கத்துல பிரிக்காத டப்பால புது டீசல் பில்டர். வண்டிய எனக்கு வித்தவரு வெச்சது போல. நான் அந்த சீட்ட ஒரு நாளும் தூக்குனதில்ல.

"இதுமேல உக்காந்துட்டாடா என்ன இழுக்க வெச்ச?"

பழைய பில்டர கழட்டி கவுத்தோம். டேங்க் அடி அழுக்கெல்லாம் டீ மாதிரி ஊத்துச்சு, அதுதான் டீசல இன்ஜினுக்குப் போக விடாம அடைச்சிருக்கு. புதுச மாட்டி, கைப்பம்ப அடிச்சு டீசல் லைன்ல புகுந்த காத்த வெளியேத்துனோம். மூணாவது செல்ப்ல பிடிச்சுது, ரிவர்ஸ்ல மண்ண விட்டு ரோட்டுக்கு ஏறுனேன். மணி 1.53. கேட்ல நுழையறப்ப 2.26. ஸ்டோர்ஸ்காரர் கடிகாரத்த பாத்தாரு, என்ன பாத்தாரு, கையெழுத்து போட்டாரு.

இந்த ரோட்ல லோடு ஓட்டுறவங்களுக்கு: டேங்க்ல டீசல் கால்வாசிக்குக் கீழ போக விடாதீங்க. பில்டர்ல தண்ணி இருக்கான்னு மாசம் ஒரு தடவ பாருங்க. இறக்கம் இருந்தா கயிறு கட்டி இழுக்காதீங்க, ரெண்டு வண்டிக்கும் நடுவுல மாட்டுற இரும்பு ராடு கேளுங்க. அதுக்கும் முன்னாடி சீட்ட தூக்குங்க.

மறுநாள் சூளகிரி மார்க்கெட்டுக்குப் போய் நாகராஜுக்கு புதுக் கயிறு குடுத்தேன். 60 ரூபா. நீளம் இருபதடி.

"பத்தடி போதுமே குரு," ன்னான்.

"நான் பின்னாடி வந்தா பத்தாது," ன்னேன்.